டிஐ ஃபிரேம்வொர்க்: எது வேண்டும், எப்போது வேண்டும்?

வேளச்சேரியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் போடும் கடைக்காரர் ஒருவருக்கு ஆண்ட்ராய்டு ஆப் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை கேன், எந்த மாடி, லிஃப்ட் உண்டா என்று ஆப் கேட்க வேண்டும். பட்டனைத் தட்டினால் ஆர்டர் சர்வருக்குப் போக வேண்டும். நெட் இல்லையென்றால் போனிலேயே வைத்திருந்து, வந்ததும் அனுப்ப வேண்டும். கடைக்காரர் கேட்பது இவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தால் கதை நீளும். ஸ்கிரீனுக்குப் பின்னால், அது காட்ட வேண்டியதை வைத்திருக்கும் ஒரு வியூமாடல். அதற்கு ஆர்டர்களைக் கவனிக்கும் ரெப்போசிட்டரி வேண்டும். ரெப்போசிட்டரிக்கு சர்வரோடு பேச ரெட்ரோஃபிட்டும், போனில் சேமிக்க ரூம் டேட்டாபேஸும் வேண்டும். ரெட்ரோஃபிட்டுக்கு நெட்டில் செய்தியை உண்மையில் கொண்டுபோகும் ஓகேஹெச்டிடிபி கிளையன்ட் வேண்டும். கிளையன்ட்டுக்கு லாகின் டோக்கனை ஒட்டி அனுப்பும் இன்டர்செப்டர் வேண்டும், இன்டர்செப்டருக்கு அந்த டோக்கனைச் சேமித்து வைத்த இடம் தெரிய வேண்டும். ஒரே ஒரு பட்டனுக்குப் பின்னால் ஏழு ஆப்ஜெக்ட்.

இந்த ஏழையும் யார் உருவாக்குவது, எங்கே உருவாக்குவது, எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது? டிபெண்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெரிய பெயரில் மிரட்டுவது இந்த மூன்று கேள்விகளைத்தான். சுருக்கமாக டிஐ என்பார்கள்.

புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் ரெப்போசிட்டரி கிளாஸுக்குள்ளேயே ரெட்ரோஃபிட்டையும் ரூமையும் உருவாக்கிவிடுவார்கள். ஓடும். ‘பழைய ஆர்டர்கள்’ என்று இரண்டாவது ஸ்கிரீன் வரும்போதுதான் சிக்கல் தலைகாட்டும். அந்த ஸ்கிரீன் தன் பங்குக்கு இன்னொரு ரெப்போசிட்டரியை உருவாக்கும். அது தன் பங்குக்கு இன்னொரு ரூமைத் திறக்கும். டேட்டாபேஸ் ஃபைல் ஒன்றுதான், ஆனால் அதைத் திறந்து வைத்திருப்பவை இரண்டு ஆப்ஜெக்ட்கள். ஒன்றின் வழியாக எழுதியது மற்றொன்றுக்குத் தானாகத் தெரியாது. அதற்கென்று தனி செட்டிங் இருக்கிறது, முதல் முறை எழுதுபவர் யாரும் அதைப் போட்டிருக்க மாட்டார். விளைவு: ஆர்டர் போட்டாயிற்று, சர்வருக்கும் போயிற்று, ஆனால் பட்டியலில் வரவில்லை. ஆப்பை மூடித் திறந்தால் வருகிறது. இந்த மாதிரி பிழையை நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் எந்த ஒரு வரியும் தப்பாக இல்லை.

டெஸ்ட் எழுதும்போது இன்னொரு தலைவலி. நெட் இல்லாதபோது ஆர்டர் போனில் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெட்ரோஃபிட் உள்ளேயே புதைந்து கிடக்கிறது என்பதால், கையில் போனை வைத்துக்கொண்டு ஃபிளைட் மோடைப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டியதுதான்.

தீர்வு என்னவோ எளிது. ரெப்போசிட்டரி தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளக் கூடாது. கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் இடத்தில், கேட்க வேண்டும். கல்யாண சமையல்காரர் மளிகை லிஸ்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார், சாமான் வாங்கி வைப்பது வீட்டார் பொறுப்பு, அதுபோல. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவர் கேட்கப்போவதில்லை. கன்ஸ்ட்ரக்டர்தான் அந்த லிஸ்ட். டெஸ்டில் உண்மையான ரெட்ரோஃபிட்டுக்குப் பதில், எப்போது கூப்பிட்டாலும் ‘நெட் இல்லை’ என்று சொல்லும் போலி ஒன்றைக் கொடுத்தால் ரெப்போசிட்டரிக்கு வித்தியாசம் தெரியாது. ஃபிளைட் மோடு வேண்டாம், போனே வேண்டாம்.

டிஐ என்பது இவ்வளவுதான். இதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2004-இல் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய ஒரு கட்டுரைதான் இந்தப் பெயரை நிலைபெறச் செய்தது. வேலை அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. கவனியுங்கள், இதுவரை எந்த ஃபிரேம்வொர்க்கும் வரவில்லை. கன்ஸ்ட்ரக்டரில் வாங்குவதுதான் டிஐ. அதை யார் கோர்த்துக் கொடுப்பது என்பதில்தான் ஃபிரேம்வொர்க் வருகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் ஹில்ட் என்ற ஃபிரேம்வொர்க் தெரிந்தால் டிஐ தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலில் கையால் கோர்த்துப் பாருங்கள்

ஆண்ட்ராய்டில் அப்ளிகேஷன் என்று ஒரு கிளாஸ் உண்டு. ஆப்பின் பிராசஸ் உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும். அதற்குள் ‘கன்டெய்னர்’ என்று ஒரு சாதாரண கிளாஸை வைத்து, டோக்கன் சேமிப்பிலிருந்து தொடங்கி இன்டர்செப்டர், கிளையன்ட், ரெட்ரோஃபிட், ரூம், ரெப்போசிட்டரி என்று வரிசையாக உருவாக்கி வையுங்கள். வேண்டிய ஸ்கிரீன் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். முப்பது, நாற்பது வரிகளில் முடிந்துவிடும். லைப்ரரி எதுவும் வேண்டாம்.

கற்றுக்கொள்பவர் யாராக இருந்தாலும் முதல் ஆப்பை இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். ஃபிரேம்வொர்க் நமக்காக என்ன எழுதித் தருகிறது என்பது அப்போதுதான் புரியும். எடுத்த எடுப்பிலேயே ஹில்டின் அனோடேஷன்களை (கோடின் மேல் ஒட்டும் குறிப்புகளை) மனப்பாடம் செய்தவர்கள், முதல் எர்ரர் வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறார்கள்.

மூன்று, நான்கு ஸ்கிரீன் வரை கைவேலை தாங்கும். ஸ்கிரீன்கள் கூடக்கூட அந்தக் கன்டெய்னர் கிளாஸ் ஊதிக்கொண்டே போகும். ரெப்போசிட்டரி கன்ஸ்ட்ரக்டரில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால் அதை உருவாக்கும் இடங்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டும். ஆனால் உண்மையில் கையைக் கடிப்பது இது இல்லை. ஆயுள்தான்.

மொபைலில் ஆயுள் ஏன் இவ்வளவு தொல்லை

ஓ.எம்.ஆர். பக்கம் பல வருடம் ஜாவாவும் அதன் சர்வர் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங்கும் எழுதிவிட்டு மொபைலுக்கு வருபவர்கள் நிறைய பேர். அவர்களுக்கு டிஐ புதிதில்லை. டிஐ-க்கு ஸ்பிரிங் தரும் ஆட்டோவயர்ட் போட்டுப் பழகிய கை. ஆனால் சர்வரில் இல்லாத இரண்டு தொல்லைகள் இங்கே உண்டு.

முதலாவது, ஸ்கிரீனைத் தாங்கும் ஆக்டிவிட்டியை நீங்கள் உருவாக்குவதில்லை, ஆண்ட்ராய்டு உருவாக்குகிறது. பின்னணியில் ஓடும் சர்வீஸும், போனில் நடப்பதைக் கேட்டு விழிக்கும் பிராட்காஸ்ட் ரிசீவரும் அப்படியே. நீங்கள் உருவாக்காத ஒன்றுக்குக் கன்ஸ்ட்ரக்டரில் எப்படிப் பொருள் கொடுப்பது? ஆண்ட்ராய்டு 9-இல் இதற்கு ஒரு வழி வந்தது. பழைய போன்களிலும் ஓட வேண்டிய ஆப் அதை நம்பி இருக்க முடியாது. எனவே ஆக்டிவிட்டி பிறந்த பிறகு அதன் ஃபீல்டுகளில் பொருளை நிரப்ப வேண்டியிருக்கிறது. ஆண்ட்ராய்டு டிஐ லைப்ரரிகளில் பாதிச் சிக்கல் இந்த ஒரு காரணத்தால் வந்ததுதான்.

இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஆயுள். போனைப் பக்கவாட்டில் திருப்பினால், நீங்களாகத் தடுக்காதவரை, ஆக்டிவிட்டி அழிந்து புதிதாகப் பிறக்கும். வியூமாடல் அதைத் தாண்டியும் பிழைக்கும். சிங்கிள்டன் (ஆப் முழுக்க ஒன்றே ஒன்று) என்று அறிவித்த ஆப்ஜெக்ட் பிராசஸ் இருக்கும்வரை இருக்கும். நீண்ட ஆயுள் உள்ளது குறைந்த ஆயுள் உள்ளதைப் பிடித்து வைத்துக்கொண்டால் மெமரி லீக்: சிங்கிள்டன் ரெப்போசிட்டரிக்கு ஆக்டிவிட்டியைக் கொடுத்துவிட்டால், ஸ்கிரீன் மூடிய பிறகும் அது மெமரியை விட்டுப் போகாது. இந்த ஆயுளைத்தான் ஸ்கோப் என்கிறார்கள். ஹில்ட் இதைத் தயாராகப் பிரித்தே தருகிறது. ஆப் முழுவதற்கும் ஒன்று, திருப்பினாலும் தாங்குவது ஒன்று, வியூமாடலுக்கு ஒன்று, ஆக்டிவிட்டிக்கு, ஸ்கிரீனின் ஒரு பகுதியான ஃபிராக்மென்ட்டுக்கு, சர்வீஸுக்கு என்று தனித்தனி.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சிங்கிள்டன் என்றால் சாகாவரம் இல்லை. தண்ணீர் கேன் ஆப்பில் கார்ட்டை ஒரு சிங்கிள்டனில் வைத்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் நான்கு கேன் சேர்த்துவிட்டு, பணம் கட்ட யுபிஐ ஆப்புக்குப் போகிறார். அங்கே பின் போட்டு, நடுவில் வந்த அழைப்பையும் பேசிவிட்டுத் திரும்புகிறார். குறைந்த ரேம் போன் என்றால் அந்த இடைவெளியில் ஆண்ட்ராய்டு உங்கள் பிராசஸை முடித்துவைத்திருக்கலாம். திரும்பி வரும்போது அதே ஸ்கிரீனை மீண்டும் திறந்து காட்டும். சிங்கிள்டன் மட்டும் புத்தம் புதிது. பணம் போய்விட்டது, கார்ட்டில் பூஜ்ஜியம். எந்த டிஐ ஃபிரேம்வொர்க்கும் இதிலிருந்து காப்பாற்றாது. கார்ட் ரூமிலோ, பிராசஸ் போனாலும் ஆண்ட்ராய்டு காத்து வைக்கும் சேவ்டு ஸ்டேட்டிலோ இருக்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே’ என்று ஒன்று இருக்கிறதே, அது ஆக்டிவிட்டியை மட்டும்தான் அழிக்கும், பிராசஸைத் தொடாது. இந்தப் பிழை அதில் பிடிபடாது.

எர்ரர் எப்போது தெரிய வேண்டும்?

இப்போது தேர்வுக்கு வருவோம். கொஞ்சம் வரலாறு தெரிந்தால் தேர்வு எளிதாகும். கூகுளின் கைஸ் என்ற டிஐ லைப்ரரி ரிஃப்ளெக்‌ஷனை நம்பியது: ஆப் ஓடும்போதே எந்தக் கிளாஸுக்கு என்ன வேண்டும் என்று துருவிப் பார்த்துக் கோர்க்கும். சர்வர் ஒருமுறை எழுந்தால் நாள்கணக்கில் ஓடும், எழும்போது சில விநாடி போனால் யாரும் கேட்கப்போவதில்லை. போனில் அப்படியில்லை. ஐகானைத் தட்டியவர் அங்கேயே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கைஸை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்த ரோபோகைஸ் இந்த இடத்தில்தான் அடி வாங்கியது. 2012-இல் ஸ்கொயர் நிறுவனம் டேகர் என்ற டிஐ லைப்ரரியை வெளியிட்டது. கூகுள் அதை எடுத்து ரிஃப்ளெக்‌ஷனே இல்லாமல் மாற்றி 2015-இல் டேகர் 2 ஆக்கியது. கோர்க்கும் கோடை, அதாவது நிரலை, நீங்கள் பில்ட் செய்யும்போதே (ஆப்பைத் தயாரிக்கும்போதே) அது எழுதிவிடும். வேகம் கிடைத்தது, ஆனால் கற்பது கழுத்தறுப்பாக இருந்தது. 2020-இல் அதன் மேல் ஹில்டை வைத்தார்கள். ஆக்டிவிட்டி, வியூமாடல் இவற்றுக்கான இணைப்பு வேலையை அது பார்த்துக்கொள்ளும். இதற்கிடையில் 2017-இல் ஆண்ட்ராய்டுக்கு கோட்லின் மொழியை கூகுள் அதிகாரபூர்வமாக ஏற்றது. கோட்லினிலேயே எழுதப்பட்ட காயின் என்ற டிஐ லைப்ரரி வந்ததும் அதே காலம்தான்.

ஆக, இன்று ஆண்ட்ராய்டில் முக்கியப் போட்டி ஹில்டுக்கும் காயினுக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நீளமான அட்டவணைகள் போடுவார்கள். என் பார்வையில் கேள்வி ஒன்றே ஒன்று: கோர்ப்பதில் தப்பு நடந்தால் அது யாருக்கு முதலில் தெரிய வேண்டும்?

டோக்கன் சேமிப்பை எங்கிருந்து எடுப்பது என்று சொல்ல மறந்துவிட்டீர்கள். ஹில்ட் என்றால் பில்ட் ஆகாது. ‘மிஸ்ஸிங் பைண்டிங்’ என்று தொடங்கி, இன்ன கிளாஸை இன்ஜெக்ட் கன்ஸ்ட்ரக்டரோ புரொவைட்ஸ் மெத்தடோ இல்லாமல் தர முடியாது என்று சிவப்பில் வரும். அதன் கீழே ஒரு நீண்ட சங்கிலி. முதல்முறை பார்ப்பவர்கள் அந்தச் சங்கிலியைக் கண்டு பயப்படுவார்கள். அதைப் படிக்க ஒரு வழி: முதல் வரியில் எது இல்லை என்று இருக்கும், அதற்குக் கீழே அது யாருக்கு வேண்டும், அந்த ஆள் யாருக்கு வேண்டும் என்று படிப்படியாகப் போய்க் கடைசியில் உங்கள் ஆக்டிவிட்டியிலோ வியூமாடலிலோ முடியும். இன்டர்செப்டர், கிளையன்ட், ரெட்ரோஃபிட், ரெப்போசிட்டரி என்று நாம் மேலே பார்த்த அதே வரிசைதான்.

காயினில் அதே மறதி என்றால் பில்ட் சத்தமில்லாமல் ஆகிவிடும். ஆப்பும் திறக்கும். அந்த ஸ்கிரீனைத் தொடும்போதுதான் ‘டெஃபினிஷன் இல்லை’ என்று க்ராஷ். ஆர்டர் ஸ்கிரீன் என்றால் நீங்களே முதல் நிமிடத்தில் பிடித்துவிடுவீர்கள். ‘காலி கேன் டெபாசிட் திருப்பிக் கேட்க’ என்று எங்கோ மூலையில் இருக்கும் ஸ்கிரீன் என்றால் வாடிக்கையாளர்தான் பிடிப்பார். காயினுக்குள் நடப்பது ஏறக்குறைய ஒரு பெரிய மேப்தான்: இந்த டைப் கேட்டால் இந்த லாம்டாவை (பெயரில்லாக் குட்டி ஃபங்ஷனை) ஓட்டு. அதனால்தான் கற்பது அவ்வளவு சுலபம். மாட்யூல் என்று ஒரு பிளாக், அதற்குள் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதை ‘சிங்கிள்’ என்றும் கேட்கும்போதெல்லாம் புதிதாக வேண்டியதை ‘ஃபேக்டரி’ என்றும் எழுதினால் முடிந்தது. ஒரு மதியத்தில் கற்றுவிடலாம்.

காயினை எடுப்பவர்கள் இரண்டு காரியத்தை மறக்கக் கூடாது. ஒன்று, அதில் ‘வெரிஃபை’ என்று ஒரு வசதி இருக்கிறது. மாட்யூலில் ஓட்டை இருக்கிறதா என்று யூனிட் டெஸ்டிலேயே சரிபார்க்கும். அதை முதல் நாளே எழுதி, பில்ட் சர்வரில் ஒவ்வொரு முறையும் ஓட விடுங்கள். மற்றொன்று, ஒரே டைப்புக்கு இரண்டு மாட்யூலில் இரண்டு டெஃபினிஷன் இருந்தால் காயின் வழக்கமாகச் சத்தமில்லாமல் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். சர்வர் முகவரியும் ஆப் வெர்ஷனும் இரண்டுமே ஸ்ட்ரிங். பெயர் கொடுத்துப் பிரிக்காவிட்டால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். ஹில்ட் இதே இடத்தில் டூப்ளிகேட் பைண்டிங் என்று பில்டையே நிறுத்தும்.

அப்படியென்றால் எல்லோரும் ஹில்ட் எடுத்துவிடலாமே? அதற்கும் விலை உண்டு, அதைப் பில்ட் நேரத்தில் கட்டுகிறோம். அனோடேஷன்களைப் படித்துக் கோடு எழுத நேரம் பிடிக்கும். முன்பு கேப்ட் என்ற வழியில் கோட்லின் கிளாஸ்களுக்கு முதலில் ஜாவா நகல்களை எழுதி, பிறகு அவற்றைப் படிக்க வேண்டியிருந்தது. இன்னும் மெதுவாக இருக்கும். இப்போது கே.எஸ்.பி. வழியில் நகல் வேலை இல்லை. பழைய டுடோரியலைப் பார்த்துக் கேப்ட் போட்டுக்கொண்டிருந்தால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். எட்டு ஜிபி ரேம் லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஐபோனுக்கும் அதே ஆப் வேண்டும் என்றால்

இந்தக் கேள்விக்குப் பதில் ‘ஆம்’ என்றால் கணக்கே மாறிவிடும். ஹில்ட் ஆண்ட்ராய்டுக்கு மட்டும். கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் ஸ்டேபிள் ஆனபின், ரெப்போசிட்டரிகளை ஒருமுறை எழுதி இரண்டு போன்களிலும் ஓட்டுவது சாதாரணமாகிவிட்டது. பொதுவான அந்தக் கோடுக்குள் ஹில்ட் வராது, காயின் வரும். பில்டிலேயே தப்பைப் பிடிக்கவும் வேண்டும், இரண்டு பக்கமும் ஓடவும் வேண்டும் என்பவர்களுக்குக் கோட்லின்-இன்ஜெக்ட் என்ற லைப்ரரி இருக்கிறது. 2025-இல் வந்த மெட்ரோவும் அதே இடத்தை நோக்கித்தான் வருகிறது, கம்பைலருக்குள்ளேயே ப்ளகினாக உட்கார்ந்து. (நம் ஊர் மெட்ரோவைத் தேடும் பதிவுகளுக்கு நடுவே இதைத் தேடிக் கண்டுபிடிப்பது தனிக் கலை.) இவற்றுக்கு எடுத்துக்காட்டுகளும் பதில்களும் ஹில்டுக்கு இருக்கும் அளவு கிடைக்காது. புதியவர் தனியாக எழுதும் ஆப்புக்கு நான் இவற்றைச் சொல்ல மாட்டேன்.

இரண்டு போன்களுக்கும் ஒரே கோடில் எழுதும் ஃப்ளட்டரில் ரிஃப்ளெக்‌ஷன் கிடையாது, அதனால் கைஸ் பாணிக்கு அங்கே இடமே இல்லை. பெரும்பாலோர் கெட்-இட் லைப்ரரியை வைத்துக்கொள்கிறார்கள், அல்லது ஸ்டேட்டுக்காக (ஸ்கிரீன் காட்டும் தரவைக் கவனிக்க) ஏற்கெனவே சேர்த்த ரிவர்பாடையே இதற்கும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ரிவர்பாட் இருக்கும்போது கெட்-இட்டையும் சேர்ப்பது தேவையில்லாத சுமை.

ஐபோனுக்கான ஸ்விஃப்ட் மொழியில் நிலைமை வேறு. இனிஷியலைசரில் (கன்ஸ்ட்ரக்டருக்கு அங்கே அதுதான் பெயர்) வாங்கிக்கொள்வது, ஸ்விஃப்ட்யுஐ தரும் என்விரான்மென்ட்டைப் பயன்படுத்துவது, இவை இரண்டிலேயே நிறைய ஆப்கள் ஓடிவிடும். ஸ்வின்ஜெக்ட் என்ற லைப்ரரி காயினைப் போல ஓடும்போது தேடும். ஊபர் வெளியிட்ட நீடில் டேகரைப் போல முன்கூட்டியே கோடு எழுதும். ஐஓஎஸ்-இல் ஸ்கிரீன்களைப் பெரும்பாலும் நாமே உருவாக்குகிறோம் என்பதால் ஆண்ட்ராய்டில் இருக்கும் அந்த முதல் தொல்லை அங்கே குறைவு. ஃபிரேம்வொர்க் ஏக்கமும் குறைவு.

நான் எப்படித் தேர்ந்தெடுப்பேன்

தண்ணீர் கேன் ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும், மூன்று ஸ்கிரீன், நீங்கள் ஒருவர் என்றால் கைவேலையே போதும். ஸ்கிரீன் பெருகும், நாளை இன்னும் இரண்டு பேர் சேர்வார்கள் என்றால் ஹில்ட். ஆண்ட்ராய்டின் அதிகாரபூர்வ ஆவணங்களும் நடுத்தர, பெரிய ஆப்களுக்கு அதையே சொல்கின்றன. இதில் ஆள் எண்ணிக்கைக்கு நான் ஸ்கிரீன் எண்ணிக்கையைவிட அதிக மதிப்பெண் கொடுப்பேன். தனியாள் எழுதும் கோடில் எது எங்கே கோர்க்கப்பட்டது என்று தலையில் இருக்கும். ஐந்து பேர் எழுதினால் யார் தலையிலும் இருக்காது, பில்ட்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஐபோனும் சேர்ந்து வேண்டும், கோடைப் பகிர வேண்டும் என்றால் காயின், வெரிஃபை டெஸ்டோடு.

எதை எடுத்தாலும் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய பொருளை எடுக்க ரெப்போசிட்டரிக்குள்ளே காயினின் ‘கெட்’ கூப்பிடுவதோ, ஹில்டின் என்ட்ரி பாயின்ட்டைத் தோண்டுவதோ வேண்டாம். கன்ஸ்ட்ரக்டரில் கேளுங்கள், வேறு எங்கும் கேட்காதீர்கள். ஹில்டில் கன்ஸ்ட்ரக்டரின் மேல் ஒட்டும் இன்ஜெக்ட் அனோடேஷன் 2009-இல் வந்த ஜாவா பொதுத் தரத்தைச் சேர்ந்தது, கூகுளின் சொத்து இல்லை. கோட்லின் கன்ஸ்ட்ரக்டரோ யாருடைய சொத்தும் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்றினால் பின்னால் ஃபிரேம்வொர்க்கை மாற்றும்போது மாட்யூல்களையும் ஸ்கிரீன்களின் விளிம்பையும் தொட்டால் பெரும்பாலும் போதும்.

கடைசியாக, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவர்களுக்கு. சிறுசேரியிலோ தரமணியிலோ ஒரு கம்பெனியில் சேர்கிறீர்கள். கொடுக்கப்படும் புராஜெக்ட் ஆறேழு வருடம் பழையது, உள்ளே டேகர் 2, எதை எதோடு கோர்ப்பது என்று அது பிரித்து வைக்கும் காம்பொனென்ட், சப்காம்பொனென்ட் என்று குவிந்து கிடக்கிறது. எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். முதல் வாரத்திலேயே ‘எல்லாவற்றையும் காயினுக்கு மாற்றிவிடலாம்’ என்று மீட்டிங்கில் சொல்லாதீர்கள். ஹில்ட் டேகரின் மேல் நிற்பது என்பதால் இரண்டும் ஒரே ஆப்பில் சேர்ந்து வாழும். புதிய ஸ்கிரீனை ஹில்டில் எழுதலாம், பழையதைத் தொட வேண்டிய வேலை வரும்போது அதை மட்டும் நகர்த்தலாம். அதற்கு முன், ஒரு பழைய ஸ்கிரீனை எடுத்து, டேகர் உருவாக்கிய கோடை பில்ட் ஃபோல்டருக்குள் போய்த் திறந்து படியுங்கள். பெயர்கள் அசிங்கமாக இருக்கும், வரிகள் நீளமாக இருக்கும். ஆனால் உள்ளே இருப்பது கன்டெய்னர் கிளாஸில் நீங்கள் கையால் எழுதிய அதே நாற்பது வரிகளின் பெரிய வடிவம்தான்.